கப்பல்களின் கடைசித் துறைமுகம்

பல ஆண்டுகளுக்கு முன்னர், உயர்நிலைப் பள்ளி வகுப்பொன்றில் டைட்டானிக் கப்பலின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், முதற் பயணத்திலேயே பனிமலையில் மோதி, ஏறக்குறைய 1,500 உயிர்களோடு அது மூழ்கிய செய்தியை வகுப்பு முழுவதும் மூச்சடக்கிக் கேட்டது. பாடம் முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, மூழ்காத கப்பல்கள் எல்லாம் பிறகு என்ன ஆகின்றன?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் விடை எனக்குத் தெரியாது. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு வெளியேறினேன். அன்று தேடத் தொடங்கிய விடையைத்தான் இன்று நேயர்களுக்குக் கூற முற்படுகிறேன்.

புயலும் பாறையும் கொண்டுபோகும் கப்பல்கள் சிலவே. பெரும்பாலான கப்பல்களின் முடிவு கரையில் நிகழ்கிறது. அந்த முடிவு எப்பொழுது வரும் என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. பயணிகள் திரண்டு வரும் காலத்தில் பழைய கப்பலும் ஓடிக்கொண்டே இருக்கும். பயணிகள் குறைந்துவிட்டால், உடல் வலுவுள்ள கப்பலும் ஓராண்டிற்குள் விலைபோய்விடும். நம் உழவர்கள் வாழ்வில் இதற்கு ஒப்புமை உண்டு. மழை பொய்த்து வைக்கோல் கிடைக்காத ஆண்டில், வீட்டுத் தொழுவத்திலிருந்து முதலில் சந்தைக்குப் போவது வயதான மாடே. அது நேற்றுவரை உழுதிருக்கும், நாளையும் உழக்கூடும். ஆயினும் அதற்கும் இளமாட்டிற்கும் தீனி ஒன்றே. ஆகவே அது அடிமாடாகப் போகிறது. கப்பல் உலகில் இந்நிகழ்ச்சியை 1930-களிலும், பின்னர் 2020-ஆம் ஆண்டிலும் மிகத் தெளிவாகக் காணலாம்.

முதலில் இரண்டு புகழ்பெற்ற கப்பல்களை அறிமுகம் செய்துகொள்வோம். ஒன்று குனார்டு கம்பெனியின் மாரிட்டேனியா. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓடும் டைன் ஆற்றங்கரையில், வால்ஸெண்ட் என்னும் ஊரில் கட்டப்பட்டு, 1907-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதற் பயணம் புறப்பட்டது. அதன் நீளம் 790 அடி. நீராவிச் சுழலிகளால் இயங்கிய அக்கப்பல், அட்லாண்டிக் மாகடலை மிக விரைவில் கடக்கும் கப்பலுக்குரிய 'நீல நாடா' என்னும் பெருமையை 1929-ஆம் ஆண்டு ஜெர்மானியரின் பிரெமன் கப்பல் பறித்துக்கொள்ளும் வரையில், இருபது ஆண்டுக் காலம் தன்னிடமே வைத்திருந்தது. மற்றொன்று ஒயிட் ஸ்டார் கம்பெனியின் ஒலிம்பிக். இது டைட்டானிக்கின் உடன்பிறப்பு. பெல்ஃபாஸ்ட் நகரிலே கட்டப்பட்டு 1911-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. முதல் உலகப் போரில் ஒலிம்பிக் படைவீரர்களை ஏற்றிச் சென்றது. 1918-ஆம் ஆண்டு மே மாதத்தில் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைத் தானே மோதி மூழ்கடித்தது. அதன் உடன்பிறந்த கப்பல்கள் இரண்டும் கடலுக்கு இரையாயின. ஒலிம்பிக்கோ கால் நூற்றாண்டுக் காலம் தளராது உழைத்தது. 'நம்பத்தக்க கிழவன்' என்று கடலோடிகள் அதனை அன்போடு அழைத்தனர்.

இவ்வளவு பெருமை வாய்ந்த கப்பல்களுக்குக் கேடு எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து ஒன்றும், சந்தையிலிருந்து ஒன்றுமாக வந்தது. பெருங்கப்பல்கள் என்றதும் நாம் செல்வர்களின் விருந்து மண்டபங்களை நினைக்கிறோம். உண்மையில் அக்கம்பெனிகளின் வருமானத்தில் பெரும்பங்கு, மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த ஐரோப்பிய ஏழை மக்கள் அளித்ததேயாகும். 1921-ஆம் ஆண்டிலும் 1924-ஆம் ஆண்டிலும் அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டங்கள் அக்கதவைப் பெரிதும் அடைத்துவிட்டன. பின்னர் 1929-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உல்லாசப் பயணிகளும் வணிகர்களும் வீட்டிலேயே தங்கிவிட்டனர். 1930-ஆம் ஆண்டில் ஏறக்குறைய பத்து இலட்சமாயிருந்த அட்லாண்டிக் பயணிகளின் தொகை, அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் பாதியளவாகக் குறைந்தது.

கம்பெனிகள் வாளாவிருக்கவில்லை. பயணிகளைச் சேரிடத்திற்குக் கொண்டுசெல்லும் வேலை குறைந்தபொழுது, கப்பலைச் சும்மா சுற்றிவரச் செய்து பணம் ஈட்ட முயன்றன. மாரிட்டேனியாவின் கருநிற உடலுக்கு வெண்ணிறம் பூசி, வெப்ப நாடுகளின் கடல்களுக்கு இன்பப் பயணம் அனுப்பினர். ஊர் விட்டு ஊர் போவதற்கன்றிக் கடலில் உலாவுவதற்காகவே கப்பலேறும் வழக்கம் அதற்கு முன்னரும் உண்டு. ஆனால் அது பரவியது இந்தப் பஞ்ச காலத்திலேதான். அட்லாண்டிக்கில் ஓடுவதற்காகக் கட்டிய கப்பல்கள் வெப்பக் கடலில் அடுப்புபோல் கொதித்தன. வருவாய் போதவில்லை.

இங்கே கப்பல் தொழிலின் கணக்கைச் சிறிது விளக்குதல் வேண்டும். கப்பலில் இரண்டாயிரம் பேர் ஏறினாலும் இருநூறு பேர் ஏறினாலும், மாலுமிகளின் சம்பளம், எரிபொருள், துறைமுகக் கட்டணம், காப்புறுதி ஆகிய செலவுகளில் பெரிய வேறுபாடு இல்லை. கப்பலை ஓட்டாமல் துறையில் கட்டிவைத்தாலும் செலவு நிற்பதில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆள் வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நிபுணர் சோதித்துச் சான்று தரவேண்டும். கப்பல் முதுமையடைய அடைய அச்சோதனை கேட்கும் பழுதுபார்ப்புச் செலவும் ஏறும். ஆனால் உடைத்து விற்றாலோ, இரும்பிற்கும் பித்தளைக்கும் உடனே விலை கிடைக்கும். 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது நம் பழமொழி. முதிய கப்பலின் நிலை இதனினும் விந்தையானது: இருந்தால் செலவு, இறந்தால்தான் வரவு.

பழங்கப்பல்களின் விதியை இறுதியாக முடிவு செய்தது ஒரு புதுக்கப்பல். கிளைடு ஆற்றங்கரையில் குனார்டு கம்பெனி கட்டிவந்த மாபெருங் கப்பலின் வேலை, பணமின்றி 1931-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நின்றுபோயிற்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். துருப்பிடித்த அந்த எலும்புக்கூடு இரண்டாண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. இறுதியில் பிரிட்டிஷ் அரசாங்கம் உதவ முன்வந்தது. குனார்டும் ஒயிட் ஸ்டாரும் ஒன்றாக இணையவேண்டும் என்பது நிபந்தனை. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 95 இலட்சம் பவுன் வரை கடனளிக்க வழி ஏற்பட்டது. அந்த ஏப்ரல் மாதத்தில் வேலை மீண்டும் தொடங்கியது. அக்கப்பல்தான் குயின் மேரி. இரண்டு கம்பெனிகள் ஒன்றானபொழுது, ஒரே கடலில் ஒரே வேலைக்குக் கப்பல்கள் மிகுந்துவிட்டன. பழையவற்றைக் கழித்தல் தவிர வேறு வழியில்லை என்று கணக்கர்கள் கூறினர்.

1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் குயின் மேரி நீரில் இறக்கப்பட்டது. அதே நாளில் மாரிட்டேனியா நியூயார்க்கிலிருந்து தன் கடைசி அட்லாண்டிக் பயணத்தைத் தொடங்கியது. 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸௌதாம்டன் துறைமுகத்தில் அதன் மரச்சிற்பங்களும் நாற்காலிகளும் விளக்குகளும் ஏலம் போயின. ஜூலை மாதத் தொடக்கத்தில், உடைக்கப்படுவதற்காக ஸ்காட்லாந்தின் ரொசைத் துறையை நோக்கிப் புறப்பட்டது. வழியில், தான் பிறந்த டைன் ஆற்றின் முகத்துவாரத்திற்கு வெளியே சிறிது நேரம் நின்றது. அதனைக் கட்டிய ஊர்களின் மக்கள் கரையில் கூடி நின்று பார்த்தனர். நியூகாஸில் நகர மேயர் கப்பலுக்கே சென்று விடைகூறினார். பிள்ளையின் இறுதி ஊர்வலம் தாய்வீட்டு வாயிலில் நின்று சென்றதைப் போன்றது அக்காட்சி.

ஒலிம்பிக்கின் முடிவு நம் சிந்தனைக்கு இன்னும் மிகுந்த இடந்தருவது. மாரிட்டேனியா பிறந்த அதே டைன் ஆற்றின் கரையில் ஜாரோ என்றொரு ஊர் உண்டு. அங்கே பாமர் என்பார் நிறுவிய கப்பல் கட்டும் தளம், எண்பது ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் கப்பல்களைக் கட்டியது. ஊரே அத்தளத்தை நம்பி வாழ்ந்தது. பஞ்ச காலத்தில், 1933-ஆம் ஆண்டு, அக்கம்பெனி நொடித்தது. நாட்டில் கப்பல் தளங்கள் மிகுந்துவிட்டன என்று கருதிய கப்பல் கட்டுவோர் தாமே ஒரு கழகம் அமைத்து, மிகுதியானவற்றை வாங்கி மூடிவந்தனர். அக்கழகம் ஜாரோத் தளத்தையும் வாங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டலாகாது என்று கட்டுப்பாடும் விதித்தது. ஊரில் உழைக்கும் ஆண்களில் பத்துப் பேரில் ஏழு பேர் வேலையின்றி இருந்தனர் என்பர்.

அந்நிலையில் சர் ஜான் ஜார்விஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒலிம்பிக் கப்பலை விலைக்கு வாங்கினார். ஜாரோ மக்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே, அதனை அவ்வூரிலேயே உடைக்க ஏற்பாடு செய்தார். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் ஒலிம்பிக் ஜாரோவை அடைந்தது. சில நூறு பேருக்கு வேலை கிடைத்தது. கப்பல் கட்டிப் பழகிய கைகள் இப்பொழுது கப்பலை அறுத்தன. அவர் செய்தது நல்லெண்ணத்தோடு செய்த உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டும் தொழிலுக்கும் உடைக்கும் தொழிலுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. கட்டும் தளத்தில் ஒரு கப்பல் இறங்கினால் அடுத்ததற்கு அடிமரம் இடுவர். உடைக்கும் துறையிலோ வேலை நடக்க நடக்க வேலையே குறைந்துகொண்டு வரும்.

ஓராண்டு சென்றது. 1936-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், ஜாரோவிலிருந்து 200 ஆண்கள் வேலை கேட்டு லண்டன் மாநகருக்குக் கால்நடையாகப் புறப்பட்டனர். அவ்வூரின் நாடாளுமன்ற உறுப்பினர் எல்லன் வில்கின்ஸன் அம்மையாரும் அவர்களோடு நடந்தார். ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை ஒரு மரப்பெட்டியில் வைத்துச் சுமந்து சென்றனர். மாத இறுதியில் லண்டனை அடைந்தபொழுது, பிரதமர் பால்ட்வின் அவர்களைக் காண இசையவில்லை. அவர்கள் நடந்து புறப்பட்ட அந்நாளில், ஒலிம்பிக் கப்பல் பாதி அறுபட்ட நிலையில் அவ்வூர் ஆற்றிலே கிடந்தது என்பதை நாம் மறக்கலாகாது. உடைக்கும் வேலை கையிலிருக்கும்பொழுதே, அது நிலையாக வாழ்விக்காது என்பதை அம்மக்கள் உணர்ந்துவிட்டனர். 1937-ஆம் ஆண்டு, எஞ்சிய அடிப்பாகத்தை இன்வர்கீதிங் என்னும் வேறு ஊருக்கு இழுத்துச் சென்றனர். ஒலிம்பிக்கின் மரவேலைப்பாடுகளில் ஒரு பகுதியை அல்ன்விக் ஊரிலுள்ள ஒயிட் ஸ்வான் ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் இன்றும் காணலாம்.

நேயர்களே, இனி எண்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வருவோம். இடைக்காலத்தில் ஜெட் விமானங்கள் 1958-ஆம் ஆண்டு முதல் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. பயணிகளைக் கரை சேர்க்கும் பழைய தொழில் கப்பல்களின் கையைவிட்டுப் போயிற்று. குயின் மேரியும் 1967-ஆம் ஆண்டு தன் ஓட்டத்தை நிறுத்தியது. ஆயினும் பஞ்ச காலத்தில் மாரிட்டேனியா செய்து பார்த்த இன்பப் பயணம், தனிப்பெருந் தொழிலாக வளர்ந்துவிட்டது. முன்பு கப்பல் ஊருக்குக் கொண்டுபோயிற்று. இப்பொழுது கப்பலே ஊராயிற்று. 1988-ஆம் ஆண்டில் ஸாவரின் ஆஃப் தி ஸீஸ், 1990-ஆம் ஆண்டில் கார்னிவல் ஃபேண்டஸி என, எழுபதினாயிரம் டன் அளவிலான உல்லாசக் கப்பல்கள் தோன்றின. பின்னர் வந்தவை அவற்றினும் இருமடங்கு பெரியவை.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஜப்பானின் யோகோஹாமாத் துறைமுகத்தில் டைமண்ட் பிரின்ஸஸ் என்னும் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் 700-க்கு மேற்பட்டோரைக் கொரோனாத் தொற்று பற்றியது. அக்கப்பலில் 138 இந்தியர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கப்பல் ஊழியர். மார்ச் 14-ஆம் நாள் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் உல்லாசக் கப்பல்கள் பயணிகளோடு ஓடுவதைத் தடுத்து ஆணையிட்டது. உலகமெங்கும் அக்கப்பல்கள் நின்றன. பயணிகள் ஒருவாறு வீடு சேர்ந்தனர். ஊழியர் ஆயிரக்கணக்கானோர், எந்த நாடும் இறங்க விடாமையால், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கடலிலேயே காத்திருந்தனர்.

பயணிகள் தொகை 1930-களில் பாதியாகக் குறைந்தது; 2020-ஆம் ஆண்டிலோ ஒரே மாதத்தில் சுழியாயிற்று. கணக்கோ பழைய கணக்கேதான். உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனமான கார்னிவல், அவ்வாண்டில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இழப்புக் கண்டது. தன் கப்பல்களில் 19-ஐக் கழித்துவிட முடிவு செய்தது. அந்த முடிவின் காரணத்தை இரண்டு எண்கள் விளக்கும். அந்நிறுவனத்தின் மொத்தக் கொள்ளளவில் அப்பத்தொன்பது கப்பல்களின் பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று. 2019-ஆம் ஆண்டின் இயக்க இலாபத்தில் அவற்றின் பங்கோ நூற்றுக்கு மூன்றே. அவற்றுள் சில வேறு கைகளுக்கு விலைபோயின. கார்னிவல் ஃபேண்டஸி, இமாஜினேஷன், இன்ஸ்பிரேஷன் ஆகிய மூன்றும் உடைப்பதற்குச் சென்றன. அவற்றின் வயது முறையே 30, 25, 24. ஒலிம்பிக் தன் கடைசிப் பயணத்தை முடித்தபொழுதும் அதற்கு வயது 24-தான். ஸ்பெயின் நாட்டுக் கம்பெனியொன்று நொடித்தமையால், ஸாவரின் கப்பலும் அதன் உடன்பிறப்பான மானார்க்கும் அதே வழியிற் சென்றன. கம்பெனிகளின் அறிக்கைகளில் இதற்கு 'ஓய்வு' என்று பெயர். ஓய்வூதியம் பெற்று வாழும் என் போன்றோர் அறிந்த ஓய்வு அன்று அது!

இக்கப்பல்கள் போய்ச் சேர்ந்த இடம் துருக்கி நாட்டின் மேற்குக் கரையில், இஸ்மீர் நகருக்கு வடக்கேயுள்ள அலியாகா. கப்பலின் முன்பகுதியைக் கரையில் ஏற்றி, பின்பகுதி நீரில் மிதக்க, சிறிது சிறிதாக இழுத்து அறுப்பது அவ்விடத்து முறை. அவ்வாண்டில் அங்கே ஏறக்குறைய 2,500 பேர் வேலை செய்தனர்; ஒரு பயணிகள் கப்பலைப் பிரிக்க ஆறு மாதம் அளவில் ஆயிற்று. உலகம் வேலையிழந்து நின்ற ஆண்டில் அவர்களுக்கு வேலை பெருகியது.

சில கப்பல்கள் நம் நாட்டிற்கும் வந்தன. குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் அலங் என்னும் கடற்கரை உண்டு. காம்பே வளைகுடாவில் கடலேற்றம் பத்து மீட்டர் வரை உயர்வதால், ஏற்றம் மிகும் நாளில் கப்பலை முழுவிசையோடு கரையில் ஏற்றிவிட இயலும். 1983-ஆம் ஆண்டு முதல் அங்கே கப்பல் உடைக்கின்றனர். 2019-ஆம் ஆண்டு மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய கர்ணிகா என்னும் உல்லாசக் கப்பல், ஓராண்டு கூட நிறைவாக ஓடாமல், 2020-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே கரையேறியது. 1965-ஆம் ஆண்டு அலெக்ஸாண்டர் புஷ்கின் என்ற பெயரில் சோவியத் நாட்டிற்காகக் கட்டப்பட்டு, பின்னர் மார்க்கோ போலோ எனப் பெயர் மாறிய கப்பல், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடல்களை அளந்தபின், 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே தன் ஓட்டத்தை முடித்தது.

அலங்கில் உழைப்போர் பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். பெயர்த்த இரும்புத் தகடு விழலாம். அடைபட்ட எண்ணெய்த் தொட்டியில் தீப்பொறி படலாம். பழங்கப்பல்களில் வெப்பத்தடைக்காக வைத்த கல்நாரின் தூசி நுரையீரலில் படிந்து பல ஆண்டு கழித்து நோய் தரலாம். இவற்றைத் தடுக்க, கப்பல் உடைப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையொன்று 2009-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வகுக்கப்பட்டது. கப்பலிலுள்ள தீங்கான பொருள்களின் பட்டியலைக் கப்பலோடு அளிக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இந்தியா 2019-ஆம் ஆண்டு அதில் இணைந்து, தனிச் சட்டமும் இயற்றியது. ஆயினும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2025-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாளில்தான். பெருந்தொற்றுக் காலத்துக் கப்பல்கள் பல அதற்குள் உடைபட்டுப் போயின.

கம்பெனிகள் பழங்கப்பல்களைக் கழித்தது தவறா? அப்படிச் சொல்ல நான் துணியேன். செலவே தந்து வருவாய் தராத கப்பலை எவரும் நெடுங்காலம் வைத்திருக்க இயலாது. கழித்த இரும்பும் வீண்போவதில்லை. உருகி மீண்டும் வீடாகவும் பாலமாகவும் வருகிறது. நான் கூறவிரும்புவது வேறு. கம்பெனியின் பேரேட்டில் கப்பலுக்கு ஒரு பக்கம் உண்டு. அதில் ஓடிய மாலுமிக்கும், கட்டிய ஊருக்கும், உடைக்கும் தொழிலாளிக்கும் அதிலே பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தை யாரேனும் எழுதியாக வேண்டும். அரசாங்கம் எழுதலாம், சட்டம் எழுதலாம். எவரும் எழுதாதபொழுது, ஜாரோ மக்களைப் போல் நடந்து சென்றுதான் கேட்கவேண்டியிருக்கிறது. பஞ்சம் வந்தபின் எழுதுவதைவிட, நல்ல காலத்திலேயே எழுதிவைப்பது அறிவுடைமை. 2009-ஆம் ஆண்டு வகுத்த உடன்படிக்கைக்குப் பதினாறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது நமக்கு ஒரு பாடமாகட்டும்.

அன்று என்னைக் கேள்வி கேட்ட மாணவன் இன்று நடுவயதினனாக எங்கோ இருப்பான். இப்பேச்சு அவன் செவிக்கு எட்டுமாயின், காலங்கடந்தேனும் என் விடை இது: தம்பி, மூழ்காத கப்பல்கள் கரைக்கு வருகின்றன. அங்கே அவற்றுக்காகச் சில மனிதர்கள் கையில் வெட்டுக்கருவியோடு காத்திருக்கிறார்கள். டைட்டானிக்கில் மாண்டவர்களுக்காக நாம் வருந்தியது முறையே. கரைக்கு வந்த கப்பலை உடைக்கும் அம்மனிதர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். அன்று வகுப்பில் நீ ஒருவன்தான் அக்கேள்விக்கு அருகில் வந்தாய்.